மிஸ்ர சாபு போட்ட ஐயாவுக்கும் கிளிப் தந்த அக்காவுக்கும்

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை மாலை கடற்கரைப் பூங்காவில் ஜாஸ் கச்சேரி நல்லபடியாக நடந்து முடிந்தது. டிக்கெட் இல்லை, உண்டியலும் வைக்கவில்லை. காசுக் கணக்கு ஒருவாறு சரிவந்துவிட்டது. நன்றிக் கணக்குத்தான் நிலுவையில் கிடக்கிறது.

முதலில் மீன் பட்டா (சின்ன லொறி) ஓட்டும் அண்ணருக்கு. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்த ஐந்து கலைஞர்களும் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள், டபுள் பேஸ் மட்டும் ஏறவில்லை. ஆளை விட உயரமான வாத்தியம். எப்படிச் சரித்தாலும் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. விடியப்புறம் ஸ்டேசனடியில் நின்ற அண்ணர், ஒரு வார்த்தை கேட்காமல் மீன் பெட்டிகளை ஒதுக்கி அதைப் படுக்க வைத்தார். காசு வாங்கவில்லை. அன்று முழுக்க பேஸில் லேசாகப் பாரை மீன் வாசம் அடித்தது, அதைப் பெரிதுபடுத்தாத பேஸ் கலைஞருக்கும் நன்றி.

சவுண்ட் செட்டும் ஜெனரேட்டரும் தருவதாகச் சொன்னவர் மத்தியானம் போனை எடுக்கவில்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் அண்ணா ஒருவர் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். கிண்ணியா வரை கேட்க வேண்டும் என்றுதான் எல்லோரும் அவரிடம் கேட்பார்களாம். சத்தத்தைக் குறைக்கச் சொன்ன முதல் ஆட்கள் நாங்கள்தானாம். பிரஷ் குச்சியால் ட்ரம்ஸைத் தடவும் மெல்லிய ஓசைகூடப் பின்வரிசைக்கு வந்ததென்றால் அது அவர் காதின் கெட்டித்தனம்.

அப்புறம் கச்சான் காற்று. ஆனி, ஆடியில் அது எப்படி அடிக்கும் என்று தெரிந்தும் நாங்கள் யோசிக்கவில்லை, எங்கள் பிழைதான். தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. முதல் உருப்படியிலேயே இசைத்தாள்கள் கடலை நோக்கிப் பறந்தன. பொடியன்கள் ஓடிப் பிடித்தார்கள். எதிர்வீட்டு அக்கா கொடியில் காய்ந்த உடுப்பை உருவிப் போட்டுவிட்டுக் கிளிப்புகளை மடியில் அள்ளி வந்தார். மைக்கில் காற்று மோதி இரைந்ததற்கும் அவரிடமே மருந்து இருந்தது: பேரப்பிள்ளையின் காலுறை. மாட்டியதும் இரைச்சல் அடங்கியது. (கச்சான் காற்றில் கச்சான், அதாவது நிலக்கடலை, விற்ற நானாவும், சாக்ஸபோன் தொடங்கும்போதெல்லாம் வறுக்கும் சட்டியைத் தட்டாமல் பொறுத்துக்கொண்டார்.)

பாங்கும் கோயில் மணியும் ஓய்ந்த பிறகே தொடங்கினோம். அதற்காகக் காத்திருந்த கலைஞர்களுக்கு நன்றி.

இனி ஐயாவின் கதை. ஜாஸ் என்றால் ஏதோ வெள்ளைக்காரர் சங்கதி என்று பலர் தயங்கி நின்றார்கள். சாக்ஸபோனைக் கண்டதும் ஒருவர், கர்நாடக சங்கீத வித்துவான் கத்ரி கோபால்நாத் வாசித்தது இதைத்தானே என்று கேட்டார். அதேதான். 1846-இல் அடோல்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் காப்புரிமை எடுத்த குழல், கோபால்நாத்தின் கையில் கல்யாணி பாடியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் கையில் ஜாஸ் பாடியது. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தம் மனோதர்மத்தில் உலாவிவிட்டு மெட்டுக்கே திரும்புவார்கள். இதை நாங்கள் மேடையில் விளக்கியபோது யாருக்கும் பெரிதாக ஏறவில்லை.

நான்காவது உருப்படி ஏழு எண்ணிக்கையில் போனது. கூட்டம் எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் தடுமாறியது. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த வயதான தவில் வித்துவான் ஐயா மட்டும் தொடையில் தகிட தகதிமி, தகிட தகதிமி என்று அந்த ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பார்த்துப் பழகினார்கள், அவர்களைப் பார்த்துத் தாய்மார். இரண்டு நிமிடத்தில் பூங்கா முழுக்க ஒரே தட்டு. ட்ரம்ஸ் கலைஞர் அதைக் கண்டுவிட்டுத் தன் தனியைக் கொஞ்சம் நீட்டினார், ஐயா முத்தாய்ப்பை முன்கூட்டியே பிடித்துத் தலையாட்டினார். முடிந்ததும் ட்ரம்ஸ் கலைஞர் இறங்கி வந்து ஐயாவின் கையைப் பிடித்தார். ஒருவருக்கு மற்றவரின் மொழி தெரியாது. அரைமணி நேரம் பெஞ்சில் தட்டித் தட்டியே பேசினார்கள். நாங்கள் மேடை கழற்றி முடித்தும் எழும்பவில்லை.

கூட்டம் கலைந்ததும் கச்சான் சரைத் தாளும் பொலித்தீனும் பொறுக்கிய பள்ளிப் பிள்ளைகளுக்கு விசேட நன்றி. இரவில் கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள் அவற்றைத் தின்றுவிடும் என்று யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விளக்கை அணைக்காமல் கடைசி ஆள் போகும்வரை காவல் நின்ற பூங்கா ஊழியருக்கும் நன்றி.

அக்கா, உங்கள் கிளிப் இருபத்து மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. காலுறையில் ஒன்றுதான் கிடைத்தது, மற்றதைத் தேடுகிறோம். பச்சைக் கரை போட்ட பன்பாய் ஒன்றும் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது, உரியவர் பூங்கா வாசலில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கச்சேரி ஏற்பாட்டு நண்பர்கள்,
திருகோணமலை