நத்தாருக்குப் பேய்க்கதை ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நத்தார் (கிறிஸ்மஸ்) நாளில் பேய்ப்படம் போடுவது வெள்ளைக்காரனின் கூத்து, புனித நாளுக்கு அடுக்காது என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரி. வருடம் முழுக்கத் தலைவிரிகோலமாக அலறும் நம் தொலைக்காட்சிப் பேய்கள் நத்தாருக்கும் வந்தால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இங்கிலாந்தில் காட்டுவது அந்த வகை இல்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தவன். லண்டனில் இருக்கும் மகள் ஒரு நத்தாருக்கு வந்தபோது, "அப்பா, இது உங்கட கதை" என்று சொல்லி ஒரு படம் போட்டுக் காட்டினாள். 1976 டிசம்பரில் பிபிசி ஒளிபரப்பிய 'தி சிக்னல்மேன்'. முக்கால் மணித்தியாலம்கூட ஓடாது. ஆழமான பள்ளத்தில் தண்டவாளம், சுரங்க வாயில் சிவப்பு விளக்கு, சின்ன அறையொன்றில் தனியாக ஒரு சிக்னல்காரர். அறையில் உள்ள மணியைப் பேய் அடிக்கும். அவருக்கு மட்டும் கேட்கும். பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்காது. அவ்வளவுதான், என் கைமயிர் எழும்பிவிட்டது.

காரணம் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்புப் பாதையில் உள்ள புணானை ஸ்டேசனில் இரவு வேலை. சுற்றிவரக் காடு, மாரிகாலம். ஒருநாள் சாமம் இரண்டு மணிபோல, அடுத்த ஸ்டேசனில் இருந்து வயரில் அடிக்கும் மணி ஒரே ஒரு தரம் அடித்தது. டெலிபோனில் கேட்டேன். "நான் அடிக்கல்லையே அண்ணே" என்றான் அங்கிருந்தவன். மின்னல் வயரில் இறங்கினால் மணி தானாக அடிக்கும், அது எங்களுக்குத் தெரிந்த விசயம். ஆனால் அன்றைக்கு மழை விட்டு வெகுநேரம். தவளைச் சத்தம் மட்டும்தான். மறுகா விடியும்வரை நான் லாம்புத் திரியைக் குறைக்கவேயில்லை.

'தி சிக்னல்மேன்' கதையை எழுதிய ஆங்கில எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸும் சும்மா எழுதவில்லை. 1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊரில் அவர் போன ரயில் பாலத்தில் தடம் புரண்டது. பத்துப் பேர் செத்தார்கள். மேற்பார்வையாளர் நேர அட்டவணையைப் பிழையாகப் பார்த்துத் தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார். வரும் ரயிலைக் கொடி காட்டி நிறுத்தும் கொடிக்காரன் ஆயிரம் யார் (கெஜம்) தூரத்தில் நிற்க வேண்டியவன், 554 கெஜத்தில் நின்றிருக்கிறான். ரயில்வேக்காரனுக்கு இதைவிடப் பெரிய பேய் எது? அடுத்த வருடம் கதை வந்தது. ஐந்து வருடம் கழித்து அதே ஜூன் 9 இல் டிக்கன்ஸ் கண்ணை மூடினார்.

பிபிசி நத்தாருக்கென்று போட்ட அந்தப் பேய்க்கதை வரிசையில் 1971 முதல் 1978 வரை வருடத்துக்கு ஒன்றாக எட்டே எட்டுப் படம் எடுத்தது. முதல் ஐந்தும் எம். ஆர். ஜேம்ஸ் என்ற ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளரின் கதைகள், அவர் கேம்பிரிட்ஜில் நத்தார் காலத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டியவர். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். 2005 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். எட்டு வருடம் காட்டியதைத்தான் இன்றைக்குப் பாரம்பரியம் என்கிறோம். நம்மாலும் முடியாத வேலையா?

நம்முடைய நத்தாரும் மாரியில்தான் வருகிறது. நடுச்சாமப் பூசை முடிந்து வந்து, கரண்ட் போன வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் மாமி சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை எனக்கு இன்னும் பாடம். அடுக்காது என்று அந்த வாசகர் சொல்கிறாரே, எங்கள் ஊரில் நத்தாருக்கு மறுநாள் என்ன நாள்? 2004 இல் என் தங்கை கடற்கரையோர நாவலடியில் இருந்தாள். மறுநாள் பலகாரம் கொண்டு வருகிறேன் என்று நத்தார் பின்னேரம் சொல்லிவிட்டுப் போனவள். இன்றைக்கும் நத்தார் ராவு அவளுக்கொரு பங்கு தட்டில் எடுத்து மூடி வைக்காமல் என் மனைவி படுக்கமாட்டாள். காலையில் அதை யாரும் சாப்பிடுவதும் இல்லை, எறிவதும் இல்லை, காகத்துக்கு வைப்போம்.

ஆகவே தமிழ்த் தொலைக்காட்சிக்காரரிடம் ஒரு வேண்டுகோள். நத்தார் இரவில் நட்சத்திரப் பேட்டியை அரை மணித்தியாலம் குறையுங்கள். அலறல் வேண்டாம், பேயை முழுதாகக் காட்டவும் வேண்டாம். கல்லடியில் விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நடிக்க விடுங்கள். ஸ்டேசன் மணியை எப்படி அடிப்பது என்று காட்டித்தர நான் புணானைக்கு வருவேன். வழிச்செலவு தேவையில்லை, ரயில்வே பாஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
மட்டக்களப்பு.