பம்ப் வாங்குபவருக்கும் கதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆலைகளுக்குப் பம்ப் விற்பதும் பழுது பார்ப்பதும் 22 ஆண்டுகளாக என் வேலை. வணிகப் பக்கத்தை ஒரு நாளும் விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுப்பது என்றால் எங்கள் துறையில் கேட்லாக்கும் வரைபடமும்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். உறிஞ்சு குழாயில் அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்று ஓர் ஆலையில் முக்கால் மணி நேரம் திரையில் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றே மாதத்தில் அதே காரணத்தால் அங்கே பம்ப் போய்விட்டது. வடிகட்டியை யாருமே கழற்றிக் கழுவவில்லை.

அந்தப் பம்ப்பிலிருந்து எடுத்த இம்பெல்லர், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், இன்றும் என் பையில் இருக்கிறது. உள்ளங்கை அகல வெண்கலம்; கரையான் அரித்த கட்டைபோல இதழெல்லாம் குழி. இப்போது எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் அதை மேஜைமேல் வைத்துவிடுவேன். விரலால் தடவிப் பார்க்காதவர் இல்லை. பிறகு நடந்ததைச் சொல்வேன். இரவு ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டருக்குப் பம்ப்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோலச் சத்தம் கேட்டிருக்கிறது. குழாயில் கல் வர வழியில்லையே என்று விட்டுவிட்டார். அது கல் இல்லை. வடிகட்டி அடைத்து, உறிஞ்சும் பக்கம் அழுத்தம் சரிந்து, தண்ணீர் சூடேறாமலே கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. அந்தக் குமிழிகள் இம்பெல்லர்மேல் உடைந்து உடைந்தே உலோகத்தைப் பெயர்த்துவிட்டன.

இதைக் கேட்டிருந்த வேறோர் ஆலையின் ஆபரேட்டர் ஒரு நாள் போன் செய்தார். "சார், நீங்க சொன்ன கூழாங்கல் சத்தம் கேக்குது, நிறுத்திட்டேன்" என்றார். வடிகட்டியில் ஒரு பாலிதீன் தாள் சிக்கியிருந்தது. அரை மணி நேரத்தில் பம்ப் மறுபடி ஓடியது. அந்தப் போனை நான் மறக்கமாட்டேன்.

1969-ல் கார்டன் பவர், மைக்கேல் கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்குப் பத்துப் பத்துச் சொற்களாக 12 பட்டியல் கொடுத்தார்கள். கதையாகக் கோத்துக்கொண்டவர்களுக்கு 93 சதவீதச் சொற்கள் நினைவில் நின்றன. வெறுமனே படித்தவர்களுக்கு 13.

ஆலையில் பம்ப் வாங்குவதை ஒருவர் முடிவு செய்வதில்லை. மெயின்டனன்ஸ் கேட்கும், கொள்முதல் பிரிவு விலையைப் பார்க்கும், கணக்குப் பிரிவு இப்போதே தேவையா என்னும், கடைசியில் முதலாளி. அவர்கள் கூடிப் பேசும்போது விற்கிறவன் அங்கே இருக்கமாட்டான். என் வரைபடத்தை யாரும் எடுத்துச் சொல்லப்போவதில்லை. அந்தச் சத்தத்தைச் சொல்வார்கள்.

ஆனால் கதை நடந்ததாக இருக்க வேண்டும், சம்பந்தப்பட்ட ஆலையின் சம்மதம் வேண்டும். நம் கம்பெனி வந்து காப்பாற்றியது என்று முடித்தால் கேட்பவர் அப்போதே கடிகாரத்தைப் பார்ப்பார். காப்பாற்றியவர் ஆபரேட்டர்தானே.

உங்கள் வணிகப் பக்கத்தில் வாரம் ஒரு முறை, பழுதானதையும் அதில் கற்றதையும் தொழிலில் இருப்பவர்களே சொல்ல ஓர் இடம் ஒதுக்குங்கள். ஆலையின் பெயர் வேண்டாம். முதல் வாரத்துக்கு இந்த இம்பெல்லரின் படத்தை நானே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பம்ப் சர்வீஸ் இன்ஜினீயராக உள்ள வாசகர்