நம் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது குறுக்குத் தெருவில் எரியாமல் கிடந்த விளக்குகள் இப்போது எரிகின்றன. மழைக்கு முன்பே கால்வாயைத் தூர் வாரிவிட்டதால் இந்த ஐப்பசியில் யார் வீட்டு வாசலிலும் தண்ணீர் நிற்கவில்லை. பூங்காவில் உடைந்த ஊஞ்சல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் புதிதாகத் தொடங்கிய ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். அதன் பெயர் ஜியோகேச்சிங். நம் தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் டப்பா வேட்டை. சரி, அறிக்கையிலும் அதையே எழுதுகிறேன்.

போன அக்னி நட்சத்திரத்தில் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே போனும் கையுமாகக் கிடந்தார்கள். செயற்குழுவில் தாய்மார்கள் அதைச் சொல்லி வருத்தப்பட்டார்கள். அப்போது, வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்த ஓர் உறுப்பினர், அங்கே பேரனோடு காட்டுக்குள் டப்பா தேடிய அனுபவத்தைச் சொன்னார். அதே போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதையும் விளையாட வேண்டும், ஆனால் நடக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் பிடித்துப்போனது.

தெரியாதவர்களுக்காக விளையாட்டைச் சொல்கிறேன். ஒருவர் ஒரு டப்பாவை ஓர் இடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் கொடுப்பார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். 2000 மே மாதத்துக்கு முன்னால் இது நடக்காத காரியம். பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது, அதனால் 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். மே 2ஆம் தேதி அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் நோட்டு, பென்சில், புத்தகங்கள், ஒரு கவண் என்று போட்டு மரங்களுக்கு நடுவே வைத்துவிட்டு, எண்களை இணையத்தில் எழுதினார். எதையாவது எடுத்தால் எதையாவது வைத்துவிட்டுப் போ என்பதுதான் அவர் போட்ட விதி. இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான டப்பாக்கள் இருக்கின்றன.

முதல் ஆண்டு நாமே வைத்து நாமே தேடுவது என்று முடிவு செய்தோம். பாதை தெரிந்ததாக இருக்கும், சின்னப் பிள்ளைகளை நம்பி அழைத்துப் போகலாம். எங்கே வைப்பது என்றதும் எல்லோரும் நம் வேலூர்க் கோட்டையைத்தான் சொன்னார்கள். நான் கூடாது என்றேன், இப்போதும் அதே கருத்தில் இருக்கிறேன். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்து உயிர் கொடுத்த மண். அங்கே ஒரு கல்லிடுக்கில்கூட நாம் எதையும் செருகக் கூடாது. அதனால் கோட்டைக்குக் கேள்விச் சீட்டு மட்டும் கொடுத்தோம்.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். சீட்டில் இருந்த கேள்வி இதுதான்: சாமி இல்லாத கோயிலுக்குச் சாமி எந்த ஆண்டில், எங்கிருந்து திரும்பி வந்தார்? விடை 1981, நம் சத்துவாச்சாரியிலிருந்து. கோட்டைக்குள் இருக்கும் கோயிலின் ஜலகண்டேஸ்வரர் லிங்கம் அதுவரை இங்கேதான் இருந்தது என்பது நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் காலத்திலிருந்தே இங்கே குடியிருக்கும் பெரியவர் ஒருவர், அகழிக்கரைப் புல்லில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். டப்பாவே இல்லாத வேட்டை அது.

அடுத்தது தை மாதத்தில், விரிஞ்சிபுரத்தில். அங்கே நம் உறுப்பினர் ஒருவருக்கு மச்சான் உறவில் வரும் ஒருவரின் தென்னந்தோப்பில், அவர் அனுமதியோடு டப்பாவை வைத்தோம். இதில் நடந்த ஒரு தவறைப் பதிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் தவறு என்னுடையது. இடத்தின் அட்சரேகையை 12 பாகை 55.6 நிமிடம் என்று குறித்திருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும்போது அதையே 12.556 என்று அடித்துவிட்டேன். பாகைக்கு 60 நிமிடம், நூறு இல்லை. 55.6 நிமிடம் என்பது தசமத்தில் 12.927 பாகை ஆகும். எண்ணில் சின்ன வித்தியாசம்தான், தரையிலோ சுமார் 41 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டது. போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் காட்டியிருக்கிறது. ஒரு குடும்பம் கண்ணமங்கலம் வரை போய்விட்டு, சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். கைக்குழந்தையோடு அலைய வைத்ததற்கு இந்தச் சபையில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி எண்களை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே அனுப்புவோம்.

தோப்புக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அடுத்த பாடம் காத்திருந்தது. போன் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். தென்னை மட்டைகளுக்குக் கீழே நின்றால் அம்பு இப்படியும் அப்படியும் ஆடுகிறது. நான்கு மீட்டர் என்கிறது, ஒரு அடி வைத்தால் ஒன்பது என்கிறது. அதற்கு மேல் கண்ணும் புத்தியும்தான் தேட வேண்டும். நாங்கள் கொடுத்திருந்த துப்பு: "மாடு பின்னால் நடந்த இடம்." பிள்ளைகள் மாட்டுக் கொட்டகையைச் சுற்றினார்கள், வைக்கோல் போருக்குப் பின்னால் பார்த்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி துப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "டேய், கவலை ஓட்டுறப்ப மாடு பின்னாலயே நடந்துதான்டா கெணத்தாண்ட வரும். அந்தச் சரிவுல போய்ப் பாருங்க" என்றார்.

மோட்டார் வருவதற்கு முன்னால் கவலை இறைத்த, அதாவது மாடுகளைக் கயிற்றில் பூட்டிச் சாலில் தண்ணீர் இறைத்த கிணறு அது. இப்போது கம்பி வலை போட்டு மூடியிருக்கிறார்கள். கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்கிய சரிவின் கடைசியில், நொச்சிச் செடிக்குக் கீழே கற்களுக்கு நடுவில் டப்பா இருந்தது. சொல்லிக் கொடுத்தபடியே முதலில் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கையை விட்டார்கள், தேளோ பாம்போ இருக்கலாம் அல்லவா. நோட்டில் முதல் பெயராகப் பாட்டியின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். அவர் பென்சிலை வாங்கி, தானே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்த எனக்கு மனம் நிறைந்துவிட்டது. டப்பாவிலிருந்து ஒரு பையன் பம்பரத்தை எடுத்துக்கொண்டு, இலவம்பாடி முள்ளுக்கத்தரி விதைப் பொட்டலம் ஒன்றை வைத்தான். ஈடாக அதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் எல்லோரும் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். மதிலழகுக்குப் பேர்போன கோயில். உள்ளே தென்புறத்தில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் செதுக்கியிருக்கும், மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் விழும் எண்தான் நேரம். கல் காட்டிய நேரம் போனைவிட ஏறக்குறைய அரை மணி பின்தங்கியிருந்தது. கல் தப்பு என்று ஒரு பெண் குழந்தை சொன்னாள். தப்பு இல்லை. நம் நாட்டு நேரத்தை 82.5 பாகைத் தீர்க்கரேகைக்குக் கணக்கிடுகிறார்கள், நாம் இருப்பது 79 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஆக 14 நிமிடம் போயிற்று. தை மாதத்தில் சூரியனே கடிகாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பின்தங்கி உச்சிக்கு வரும். இரண்டையும் கூட்டினால் கணக்கு சரியாக வருகிறது. காலையில் டப்பா தேடியபோது தீர்க்கரேகையில் இருந்த அதே 79 என்ற எண் கல்லிலும் வந்து நின்றதும் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் போன் சிக்னல் இல்லாமல் தடுமாறியதையும் அவளேதான் கவனித்துச் சொன்னாள்.

அமிர்திக்கும் ஒரு முறை போனோம். வனத்துறை இடம் என்பதால் அங்கேயும் எதையும் வைக்கவில்லை. போகிற வழியில் கிடந்த பிளாஸ்டிக் குப்பையைப் பொறுக்கி மூன்று சாக்கு கொண்டுவந்தோம். உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்காரர்களிடம் உள்ள நல்ல வழக்கம் அது.

விதிகள் பற்றி ஒரு வார்த்தை. இடத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. தின்பண்டம் வைத்தால் எறும்பும் குரங்கும் விடாது. மூடிய டப்பா ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தால் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள், அது நியாயமான பயம். அதனால் உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாவைத்தான் பயன்படுத்துகிறோம். மேலே தமிழில் சங்கத்தின் பெயரும் தொடர்பு எண்ணும் ஒட்டியிருக்கிறோம். காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். செலவு என்று பார்த்தால் டப்பா, நோட்டு, பென்சில் மட்டும்தான். சாப்பாடு அவரவர் வீட்டுப் புளிசாதம், தயிர்சாதம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று கோரிக்கைகளை வைக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் வள்ளிமலைக்கு ஒரு வேட்டை போக வேண்டும். அங்கே சமணர் குகைகளைப் பற்றிக் கேள்விச் சீட்டு மட்டுமே கொடுப்போம். துப்பு எழுதும் பொறுப்பை நம் சங்கத்துப் பாட்டி தாத்தாக்களிடம் விட வேண்டும். மூன்றாவது, மலை ஏற முடியாத உறுப்பினர்களும் சக்கர நாற்காலியில் வரும் நம் உறுப்பினரும் கலந்துகொள்ளும்படி, சமதளத்தில் ஒரு டப்பாவாவது கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஆண்டு அதைச் செய்யத் தவறிவிட்டோம், அது எனக்குக் குறையாகவே இருக்கிறது.

விரிஞ்சிபுரம் நோட்டை மேசை மீது வைத்திருக்கிறேன், விரும்புகிறவர்கள் புரட்டிப் பார்க்கலாம். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்