கல்லாவும் காசும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆங்கிலத்தில் கேஷ் என்பது நம் காசுதான்’ என்று இந்த ஞாயிறு இணைப்பில் ஒரு வரி. 31 வருடம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

கேஷ் என்றால் முதலில் பெட்டி. லத்தீனில் காப்ஸா, இத்தாலிய மொழியில் காஸ்ஸா. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கே ஆகிவிட்டது. ‘கல்லாவில் கை வைத்துவிட்டான்’ என்று நாம் சொல்வது வெறும் பெட்டியையா?

நம் காசிலிருந்து போன கேஷும் ஆங்கிலத்தில் உண்டு. அது வேறு சொல். போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போய், செப்புச் சில்லறைக்குப் பெயரானது. கிழக்கிந்தியக் கும்பினி காலத்து மதராஸில் 80 காசு ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். சீனாவின் சதுர ஓட்டை போட்ட நாணயத்துக்குக்கூட ஆங்கிலேயர் அந்தப் பெயரையே வைத்தார்கள். அகராதியில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. உங்கள் மேசையில் இல்லாத அகராதியா? உண்மையே இவ்வளவு பெருமையாக இருக்கும்போது இல்லாததை ஏன் சேர்க்க வேண்டும்?

இது முதல் தடவையும் இல்லை. போன வருடம் மாணவர் பக்கத்தில், ரசீது என்பது ‘ரிசீப்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்று போட்டீர்கள். ரசீது பாரசீகச் சொல். வந்து சேர்ந்தது என்று பொருள். ஆங்கிலச் சொல்லிலோ ‘ப்’ ஒலியே கிடையாது, ‘ரிசீட்’தான். லத்தீன் மூலம் தெரியட்டும் என்று படித்தவர்கள் நுழைத்த எழுத்து அது. நீங்கள் போட்டதை நம்பி என் பேத்தி பேச்சுப் போட்டியில் ‘ரிசீப்ட்’ என்றாள். நடுவர் மேடையிலேயே திருத்த, அரங்கம் சிரித்தது. குறிப்புத் தாளை எட்டாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். “பேப்பர்லயே தப்பா போடுவாங்களா தாத்தா?” என்றாள். அன்றே உங்களுக்கு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. அப்புறமும் சந்தாவை நான் நிறுத்தவில்லை.

கட்டுமரமும் சுருட்டும் வெட்டிவேரும் ஆங்கிலத்துக்குப் போன கதையை எழுதுங்கள், சந்தோஷமாகப் படிக்கிறேன். இப்போதைக்கு, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், பிழை வந்த அதே எழுத்தளவில், இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசாளர் ஒருவர்