பஸ் டிக்கி கதவுகளில் ஒட்டிய தகடு பெயர்ந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பஸ் பாடி பட்டறை உரிமையாளர், கரூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
உலோகப் பசை தயாரிக்கும் நிறுவனம்.

பொருள்: எபாக்சி பசையால் (இரண்டு பொருளைக் கலந்து பூசும் பசை) ஒட்டிய அலுமினியத் தகடுகள் பெயர்ந்து வந்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நாங்கள் கரூரில் 22 வருடமாக பஸ் பாடி கட்டி வருகிறோம். சென்ற சித்திரையில் உங்கள் டெக்னீஷியன் பட்டறைக்கு வந்து, டிக்கி கதவுக்கு இனி ரிவெட் அடிக்க வேண்டாம், தகட்டை சட்டத்தில் ஒட்டினாலே போதும் என்றார். மாதிரிக்கு ஒரு துண்டுத் தகட்டைத் தின்னரால் துடைத்தார், பசை தடவினார், கிளாம்ப் போட்டார். மறுநாள் இரண்டு பையன்கள் தொங்கியும் துண்டு பிரியவில்லை. அதை நம்பி இரண்டு ஆம்னி பஸ்களுக்கு 14 கதவுகள் ஒட்டினோம்.

ஐப்பசி மழையில் ஒரு கதவின் தகடு ஓடும் வண்டியிலேயே ஒரு பக்கம் பெயர்ந்து படபடவென்று அடித்திருக்கிறது. டிரைவர் சத்தம் கேட்டு உடனே ஓரங்கட்டிவிட்டார். பின்னால் பைக்கில் யாராவது வந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மீதிக் கதவுகளையும் கழற்றிப் பார்த்தோம். ஒன்பதில் ஓரம் விட்டிருந்தது.

போனில் கேட்டதற்கு, பசையைத் தவறான அளவில் கலந்திருப்பீர்கள் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். பெயர்ந்த தகட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பசை முழுவதும் சட்டத்தின் பக்கம் கல்லாக இறுகி நிற்கிறது. தகட்டின் பக்கம் பொட்டுப் பசை கூட இல்லை, பளபளவென்று இருக்கிறது. மில்லில் உருட்டும்போது தகட்டில் விழுந்த கோடுகள் கைரேகை பதிந்த மாதிரி பசையில் பதிந்திருக்கின்றன. பசையே பலவீனம் என்றால் அது நடுவில் பிளந்து, பாதி இங்கும் பாதி அங்கும் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே பசை உறுதியாகத்தான் இருக்கிறது, தகட்டைத்தான் அது பிடிக்கவே இல்லை.

மில்லிலிருந்து வரும் தகட்டில் உருட்டும்போது பட்ட எண்ணெய் இருக்கும். ஒரே பனியன் வேஸ்ட்டால் திரும்பத் திரும்பத் துடைத்தால் எண்ணெய் போகாது, மெல்லிசாகப் பரவத்தான் செய்யும். உங்கள் ஆள் துடைத்த முறையிலேயே ஒரு தகட்டைத் துடைத்துத் தண்ணீர் தெளித்தேன். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு நின்றது. பரப்பு சுத்தமாக இருந்தால் தண்ணீர் உடையாமல் ஒரே படலமாக விரியும். இந்தச் சின்ன சோதனையைக் கூட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் நானே துண்டுகள் வெட்டிப் பார்த்தேன். பாதியை உங்கள் முறைப்படி ஒட்டினேன். மீதியை முதலில் சுத்தமான துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் காயும் முன்பே வேறு துணியால் ஒற்றி எடுத்து, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசி போக மறுபடி துடைத்து, கை படாமல் அன்றைக்கே ஒட்டினேன். காய்ந்த நிலையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டையும் பத்து நாள் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தேன். உங்கள் முறைத் துண்டு ஸ்க்ரூடிரைவர் முனை பட்டதும் கழன்றது. தேய்த்து ஒட்டியதில் தகடுதான் வளைந்தது, ஒட்டு விடவில்லை.

ஒட்டின மறுநாள் ஆளைத் தொங்கவிட்டுக் காட்டுவது எதற்கும் சாட்சி இல்லை. அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உண்டு. ஓரம் வழியாக ஈரம் புகுந்தால் பசையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், படலமும் ஊறி வலுவிழக்கும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் பறக்கும்போதே கூரையின் ஒரு பகுதி பிய்ந்து போனது, விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். தகடுகளின் இணைப்பில் பசை விட்டுப்போனதும், அதனால் ரிவெட் துளைகளில் விரிசல் கண்டதும் விசாரணையில் தெரிந்த விஷயம். விமானத் தொழிலில் வெறுமனே துடைத்து ஒட்டுவதில்லை, பாஸ்பாரிக் அமிலம் போன்றவற்றில் ஆனோடைஸ் செய்து, அதாவது மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலத்தை வளர்த்து, ஒட்டுகிறார்கள். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. உப்புத்தாள் போடச் சொல்லியிருக்கலாமே?

உங்கள் விளக்கத் தாளில் கலக்கும் விகிதம், காயும் நேரம், பலம் எல்லாம் அட்டவணையாக இருக்கிறது. பரப்பைப் பற்றி ‘சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்’ என்று ஒரே வரி, அதுவும் ஆங்கிலத்தில். பசை பூசும் என் பையன்களுக்கு அந்த வரியே எட்டாது.

14 கதவுகளையும் பிரித்து மறுபடி ஒட்டும் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பி, எங்கள் ஆட்களுக்குப் பரப்புத் தயாரிப்பை முழுசாகச் செய்து காட்ட வேண்டும். விளக்கத் தாளைத் தமிழில், படத்தோடு, உப்புத்தாள் நம்பர் வரை எழுதித் தர வேண்டும். இதே பசையை வாங்கிய மற்ற பட்டறைகளுக்கும் இந்த வாரமே தகவல் சொல்லுங்கள், அடுத்த மழைக்கு முன் அவர்கள் கதவுகளைப் பார்த்துவிடட்டும்.

பெயர்ந்த தகடும் நான் ஒட்டிப் பார்த்த துண்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் அவற்றோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர், கரூர்.