காஸில்பாரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே அயர்லாந்தில் மழை ஓயவில்லை. ஆஸ்பத்திரி வேலை பழகிவிட்டது. என் வார்டில் வயதான விவசாயிகள் அதிகம். நான் விவசாயி மகள் என்றதும், எத்தனை மாடு, எவ்வளவு நிலம் என்றுதான் முதலில் கேட்பார்கள். நிலம் குத்தகை என்று சொன்ன அன்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ட்ரேடுக்குப் போய் டாவிட்டைப் பார்த்துவிட்டு வா" என்றார்.

ஸ்ட்ரேடு என்ற அந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். குத்தகை விவசாயிகளுக்காகப் போராடிய மைக்கேல் டாவிட் அங்கே 1846இல், பெரும் பஞ்சத்துக்கு நடுவே பிறந்தவர். நான்கு வயதில் குத்தகை பாக்கிக்காகக் குடும்பத்தை வீட்டைவிட்டு விரட்டிவிட்டார்கள். ஸ்வின்ஃபோர்டில் இருந்த ஏழைகள் விடுதிக்குப் போனால், மூன்று வயது தாண்டிய பையன் தாயோடு இருக்கக் கூடாது என்றார்களாம். அந்தத் தாய் பிள்ளையை விட மாட்டேன் என்று உடனே வெளியேறி வந்துவிட்டார். தாத்தாவின் பானை சட்டிகளைத் தெருவில் தூக்கி வைத்த கதையை அப்பாயி சொல்வாரே, அதுதான் எனக்கு நினைவு வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பிறகு இங்கிலாந்து, லங்காஷயரில் பஞ்சாலை வேலை. பதினொரு வயதில் இயந்திரம் வலது கையைக் கொண்டுபோய்விட்டது. வளர்ந்தபின் அயர்லாந்து விடுதலைக்காக ரகசியமாக ஆயுதம் அனுப்பியதற்காக 1870இல் பதினைந்து ஆண்டு தண்டனை. ஒற்றைக் கையோடு டார்ட்மூர் சிறையில் கல் உடைத்திருக்கிறார். ஏழு ஆண்டு கழித்து வெளியே வந்தவர், துப்பாக்கியை விட்டுக் குத்தகைதாரர்களை ஒன்றுசேர்த்தார். 1879 ஆகஸ்டில் இந்த மேயோ மாவட்டத்தின் நிலச் சங்கம் தொடங்கியது நான் இருக்கும் இதே காஸில்பாரில்தான், அப்பா!

மறு ஆண்டு பாய்காட் என்ற நிலக்கிழார் ஏஜெண்டுக்கு எதிராக ஊரே திரண்டது. அவரை யாரும் அடிக்கவில்லை. அறுவடைக்குப் போகவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். வெளி மாவட்டங்களிலிருந்து ஐம்பது ஆட்களை வரவழைத்து, ஆயிரம் பேர் காவலோடு பயிரை எடுத்தார்கள். விளைச்சலின் மதிப்பைவிடக் காவல் செலவு பல மடங்கு. நாம் பாய்காட் என்று சொல்கிறோமே, அது அந்த மனிதரின் பெயர்! 1881இல் நியாயமான குத்தகைக்கு நிலச் சட்டம் வந்தது. டாவிட்டுக்கு அது போதவில்லை. நிலம் மொத்தமும் நாட்டுக்குப் பொதுவாக வேண்டும் என்றார். கூட இருந்த அயர்லாந்துத் தலைவர் பார்னெல்லே அதை ஏற்கவில்லை. டாவிட் கேட்டதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானவர், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரைக் கண்டித்து 1899இல் அந்தப் பதவியையும் உதறினார்.

1906இல் இறந்தவரை விரட்டப்பட்ட அந்த ஊரிலேயே புதைத்திருக்கிறார்கள். ஈரப் புல்லில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பணம் அனுப்பியிருக்கிறேன். குறுவை அறுப்பு முடிந்ததா? இந்த முறை குத்தகை நெல் அளந்ததும் கையோடு ரசீது வாங்கி, டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்