மருந்துச் செய்தியில் ‘யாருக்கு’ என்பது முதல் பத்தியிலேயே வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூலகப் (சினைப்பை) புற்றுநோய்க்கான மாத்திரை ஒன்றைப் பற்றி அண்மையில் நம் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். நோய் திரும்பி வரும் அபாயத்தை அந்த மருந்து பெருமளவு குறைக்கிறது என்ற தகவல் பொய்யன்று. ஆயினும் எந்த நோயாளிக்கு, நோயின் எந்தக் கட்டத்தில், எதனோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்லப்படுகிறது என்பதற்குச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. புற்றுநோய்ப் பிரிவில் நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இத்தகைய செய்தி வெளியான வாரத்தில் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வரும் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும், ‘இதை ஏன் எங்களுக்குத் தரவில்லை, டாக்டர்?’ என்று கேட்பது வழக்கம். பெரும்பாலும் அதற்கான பதில், செய்தியில் விடுபட்டுப்போன அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

ஓலாபரிப் என்ற மாத்திரையையே எடுத்துக்கொள்ளலாம். நம் உயிரணுக்களில் உள்ள மரபிழை (டிஎன்ஏ) நாள்தோறும் சேதமடைகிறது. அதைச் சரிசெய்ய உடலில் பல ஏற்பாடுகள் உண்டு. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற மரபணுக்கள் அவற்றுள் ஒன்றை நடத்துகின்றன. பார்ப் என்ற நொதி இன்னொன்றில் பங்கெடுக்கிறது. ஓலாபரிப் முடக்குவது இந்த நொதியைத்தான். பிஆர்சிஏ பழுதாகிவிட்ட புற்றணு, பார்ப் நொதியும் முடக்கப்பட்டால் சேதத்தைச் சரிசெய்ய வழியின்றி மடிந்துபோகிறது. ஆய்வுக்கூடத்தில் இதைக் காட்டிய இரண்டு கட்டுரைகள் 2005ஆம் ஆண்டு வெளிவந்தன. 2014 டிசம்பரில் அமெரிக்கா ஓலாபரிப்பை அங்கீகரித்தது. சோலோ-1 என்ற ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியானபோதுதான் அதன் முழு வலிமை தெரிந்தது. அதில் சேர்க்கப்பட்ட 391 பெண்களும் முற்றிய நிலையில் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள். பிஆர்சிஏ மரபணுவில் பழுது உள்ளவர்கள். பிளாட்டினம் வகைக் கீமோவுக்கு நோய் நன்கு கட்டுப்பட்டவர்கள். அவர்களில் மாத்திரை எடுத்துக்கொண்டோரிடம், மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றோரைவிட, நோய் முற்றும் அல்லது இறக்கும் அபாயம் 70 விழுக்காடு குறைந்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது மாத்திரை பெற்றோரில் 67 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றோரில் 46.5 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். வெற்று மாத்திரைக் குழுவில் பலர் பிற்பாடு இதே வகை மருந்தைப் பெற்றுக்கொண்ட பின்னரும் இந்த வேறுபாடு நிலைத்தது. சூலகப் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இந்த எண்களின் அருமை முழுதாக விளங்கும். மீண்டும் மீண்டும் திரும்பி வருவதே இந்த நோயின் இயல்பாக இருந்த காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆனால் சூலகப் புற்றுநோய் உள்ளவர்களில் பிறவியிலேயே பிஆர்சிஏ பழுது உள்ளவர்கள் ஆறு ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருப்பார்கள். கட்டியில் மட்டும் அந்தப் பழுது தோன்றியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை சற்றுக் கூடும். மற்றவர்களுக்கு இதே மருந்து எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி. நிராபரிப் என்ற இன்னொரு மாத்திரையைப் பிஆர்சிஏ பழுது உள்ளோர், இல்லாதோர் என இரு சாராரிடமும் சோதித்த பிரைமா ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்த காலம் சராசரியாக 8.2 மாதத்திலிருந்து 13.8 மாதமாக நீண்டது. 2019இல் இது பெரிய செய்தி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024இல், இறுதி முடிவு வந்தபோது மொத்த ஆயுட்காலத்தில் மருந்து பெற்றோருக்கும் வெற்று மாத்திரை பெற்றோருக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. நோய் தள்ளிப்போவதும் ஆயுள் நீள்வதும் ஒன்றல்ல. கீமோ இன்றிக் கழியும் ஆறு மாதம் ஒரு பெண்ணுக்குப் பெரிய வரம்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எது கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு அவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவே.

2022இல் நடந்தது இதைவிட முக்கியமானது. பலமுறை கீமோ பெற்று நோய் திரும்பிய பெண்களுக்குத் தனிச் சிகிச்சையாகத் தருவதற்கு ஓலாபரிப், நிராபரிப், ருக்காபரிப் ஆகிய மூன்று மாத்திரைகளுக்கும் அமெரிக்காவில் இருந்த அனுமதியை, அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களே அந்த ஆண்டில் திரும்பப் பெற்றன. அந்தக் கட்டத்தில் கீமோ பெற்றவர்களைவிட இம்மருந்து பெற்றவர்களின் ஆயுள் குறைந்திருக்கக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியதே காரணம். நோயின் தொடக்கத்தில் அருமருந்தாக இருப்பது கடைசிக் கட்டத்தில் அப்படி இல்லாமல் போகலாம். அனுமதி கிடைத்தபோது தலைப்புச் செய்தியாக்கிய ஏடுகள் பலவும், அது திரும்பப் பெறப்பட்டதைப் பற்றி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

சிங்கப்பூரில் இந்த விவரத்துக்குப் பணப் பரிமாணமும் உண்டு. 2022 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியல் நடப்பில் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து தனியார் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்களும் அதைப் பின்பற்றுகின்றன. அந்தப் பட்டியல் மருந்தின் பெயரோடு நின்றுவிடுவதில்லை. எந்த நோய்நிலைக்கு என்பதையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஆகவே ஒரே மாத்திரைக்கு ஒருவர் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு வழியாகப் பணம் பெற முடியும். பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு அது கிடைக்காமல் போகலாம். காரணம் தெரியாத குடும்பங்கள் இதைப் பாரபட்சம் என்று எண்ணி மனம் வெதும்புவதைக் கண்டிருக்கிறேன். அமைச்சு பயன்படுத்தும் அந்த வரையறையையே செய்தியும் பயன்படுத்தினால் பாதிக் குழப்பம் தீரும்.

பரிசோதனை பற்றிய செய்திகளிலும் இதே குறை உண்டு. சூலகப் புற்றுநோய்க்கான சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை தனியார் உடற்பரிசோதனைத் தொகுப்புகளில் இடம்பெறுவதைப் பார்க்கிறோம். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பேராய்வில், ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் அந்தப் பரிசோதனையைச் செய்து, தேவைப்பட்டோருக்கு ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள். தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் சூலகப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். சீக்கிரம் கண்டால் பிழைக்கலாம் என்ற நம் பொது நம்பிக்கைக்கு இது கசப்பான முடிவுதான். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு வெளியே வளர்வது), கருப்பை நார்க்கட்டி, ஏன், மாதவிடாய் நாள்களில்கூட ரத்தத்தில் சிஏ 125 அளவு ஏறும். பேப் ஸ்மியர், எச்பிவி சோதனை இரண்டும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கானவை. அவற்றை உரிய வயதில் செய்துகொள்ளத்தான் வேண்டும், ஆனால் அவை சூலகத்தைப் பற்றி எதுவும் சொல்லா. வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பது ஆகியவை இருந்தால், வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திராமல் பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டும் என்பதை எழுதினால் அதுவே கூடுதல் பயன் தரும்.

புது மருந்து மட்டும்தான் ஆராய்ச்சி என்ற எண்ணமும் நம் செய்திப் பக்கங்களால் வளர்கிறது. சூலகப் புற்றுநோய்க் கட்டி முழுவதும் அகற்றப்பட்டு, நிணநீர்க் கணுக்கள் இயல்பாகத் தோன்றும் பெண்களுக்கு அந்தக் கணுக்களையும் வெட்டி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, அறுவைக்குப் பிந்திய சிக்கல்களே கூடுகின்றன என்று 2019இல் லயன் ஆய்வு நிறுவியது. ஓர் அறுவையைச் செய்யாமல் விடலாம் என்பது எத்தனை பேருக்கு நிம்மதி! அதேபோல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிரியக்கத்துடன் கூடிய கீமோவுக்கு முன்னால் ஆறு வாரம் கார்போபிளாட்டின், பாக்லிடாக்ஸல் என்ற பழைய மருந்துகளைத் தந்தபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வு 72 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்தது என்று 2024இல் இன்டர்லேஸ் ஆய்வு காட்டியது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்த, விலை மலிந்த மருந்துகள் அவை. விளம்பரம் செய்ய ஆள் இல்லாததால் அவை செய்தியாவதில்லை போலும்.

தமிழ் நாளிதழ் என்ற முறையில் இன்னொன்றையும் கேட்டு எழுதலாம்: ஆய்வில் நம்மவர்கள் இருந்தார்களா? மரபணுப் பரிசோதனையில் ஒரு மாற்றம் தென்பட்டு, அது தீங்கானதா இல்லையா என்று சொல்ல முடியாமல் மருத்துவர் கையை விரிக்கும் நிலை, ஆய்வுகளில் குறைவாக இடம்பெற்ற இனத்தவருக்கே அதிகம் நேர்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய தரவு இல்லாததே அதற்குக் காரணம். 2019இல் வெளியான சிங்கப்பூர் மரபணுத்தொகுதி ஆய்வில் இருந்த 4,810 பேரில் இந்தியர்கள் 1,127 பேர். அதற்குப் பிறகு ஒரு லட்சம் பேரை இலக்காகக் கொண்ட திட்டம் தொடங்கியது. பரிசோதனை செய்தால் காப்புறுதி கிடைக்காது என்ற அச்சத்தால் நம் பெண்கள் பலர் தயங்குகிறார்கள். முன்கூட்டிய மரபணுப் பரிசோதனை முடிவுகளைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதற்கு 2021 அக்டோபரிலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. பெரிய தொகைக்கான சில காப்புறுதிகளுக்கு விதிவிலக்கு உண்டு என்பதால், கையெழுத்திடுவதற்கு முன் மரபணு ஆலோசகரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. தாய்க்குப் பிஆர்சிஏ பழுது இருந்தால் மகளுக்கும் மகனுக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. மகனுக்கும் என்பதை நம் வீடுகளில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். புற்றுநோய் மருந்துச் செய்தி எதுவானாலும், அது எந்த வகை நோய்க்கு, எந்தக் கட்டத்தில், எந்த மரபணு நிலையில் உள்ளோரிடம் சோதிக்கப்பட்டது, நீண்டது நோயற்ற காலமா ஆயுளா, இங்கே அது மருந்துப் பட்டியலில் இருக்கிறதா என்பவற்றை முதல் இரண்டு பத்திகளுக்குள் தாருங்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் அறிக்கையை மொழிபெயர்க்கும்போது இடம் போதாமல் முதலில் வெட்டுப்படுபவை இந்த வரிகளே என்பதை ஊகிக்க முடிகிறது. நிறுவனத் தலைவரின் மகிழ்ச்சி அறிக்கையை வெட்டலாமே. ஓர் ஆய்வின் இடைக்கால முடிவை வெளியிட்டால், அதன் இறுதி முடிவு வரும்போது, அது ஏமாற்றமளிப்பதாக இருந்தாலும், அதே பக்கத்தில் வெளியிடுங்கள். மாத்திரைகள் பற்றிய அண்மைச் செய்திக்கு மேற்கூறிய 2022, 2024 விவரங்களைச் சேர்த்து ஒரு பின்குறிப்பு வெளியிட்டால், இப்போது சிகிச்சையில் இருக்கும் வாசகிகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஈசூன்